அண்ணா மாதிரி

"மழை இப்போதைக்கு விடாது போல கிடக்கு."

"ஓம்."

"எங்கட பிளட்ஸ் மாடியில இருக்கிற இராமலெட்சுமி அன்ரி மார்க்கெட் வாசலில நிண்டு எங்களையே பாத்தவ. கண்டனீங்களோ?"

"இல்லையே."

"அவ கண்டால் வெள்ளவத்தை முழுக்கக் கண்டதுதான். நீங்கள் அங்கால போன நேரம் ஆர் இந்தத் தம்பியெண்டு கேட்டவ. நான் சொல்லிப்போட்டன்."

"என்னெண்டு?"

"நீங்கள் எனக்கு அண்ணா மாதிரியெண்டு."

"நல்லது."

காலி வீதி பஸ் தரிப்பிடத்தில், ஒரே குடைக்குள் நடந்த இந்தக் கதை முடிந்து நான்கு வருடமாகிறது. குடை எப்போதோ கம்பி ஒடிந்து போய்விட்டது. அந்த 'நல்லது' மட்டும் கிருபாகரனின் தொண்டையில் இன்னும் கிடக்கிறது. உலகத்தில் எத்தனை பதில்கள் இருந்தன. "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?" என்றிருக்கலாம். சும்மா சிரித்திருக்கலாம். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை என்று நடித்திருக்கலாம். கடை முதலாளியிடம் வவுச்சர் கொடுப்பவனைப் போல 'நல்லது' என்று சொல்லிவிட்டு, வந்த பஸ்ஸில் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போய்விட்டான்.

அன்று அவன் கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. ஜீவராணி தன்னைக் கலியாணம் செய்வாளா என்பதுதான் அது. கேள்வியை வீட்டிலேயே பலமுறை சொல்லிப் பார்த்து, குளித்து, இஸ்திரி போட்ட சேர்ட்டும் போட்டுக்கொண்டு வந்திருந்தான். கேள்வி வாய்க்கு வருவதற்கு ஒரு நிமிடம் முன்னால் 'அண்ணா மாதிரி' முந்திக்கொண்டது.

கிருபாகரன் கொட்டாஞ்சேனையில் மஷூரின் மூக்குக்கண்ணாடிக் கடையில் பார்வை அளப்பவன். ஜீவராணி கொள்ளுப்பிட்டியில் ஒரு அலுவலகத்தில் கணக்காளர். அவளுக்கென்று பேசிய மாப்பிள்ளை கனடாவுக்குப் போய், கலியாணத்தையும் கனடாவிலேயே வேறொருத்தியோடு முடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவள் கலியாணக் கதையை எடுக்கவில்லை. யாரும் எடுத்தாலும், "முதலில ரீயைக் குடியுங்கோ" என்பாள். கண்ணாடி மாற்ற வந்தவள், கதைக்க வந்தவளாகி, ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாக இலக்கியக் கூட்டத்துக்குப் போகிறவளாகியிருந்தாள்.

அந்தக் கூட்டம்தான் இந்தக் கதைக்குக் காரணம்.

அகில இலங்கை அணியலங்காரப் பேரவையின் அகில இலங்கையும் வெள்ளவத்தையில் ஒரு சேலைக்கடையின் மேல்மாடிக்குள் அடங்கியிருந்தது. முன்னொரு காலத்தில் அது ஒரு பெரிய மன்றத்தின் பாதி. மன்றத்தை நிறுவியவர் காலமானபோது அவருடைய படத்துக்குக் கீழே என்ன எழுதுவது என்று கேள்வி வந்தது. 'சூரியனைப் போன்றவர்' என்று எழுதவேண்டும் என்றது ஒரு கட்சி. 'சூரியன்' என்றே எழுதவேண்டும் என்றது மற்றது. மூன்று கூட்டங்கள் நடந்தன. இரண்டில் கதிரைகள் தூக்கப்பட்டன. கடைசியில் உவமைக் கட்சி கொட்டாஞ்சேனைக்குப் போனது. உருவகக் கட்சி வெள்ளவத்தையில் தங்கியது. இரண்டும் ஒன்றின் விழாவுக்கு மற்றது போவதில்லை. நிறுவியவரின் படம் மட்டும் இன்றுவரை கீழே ஒன்றும் எழுதப்படாமல் தொங்குகிறது.

பேரவையின் தலைவர் யோகராஜ், ஒரு திணைக்களத்தின் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த அனுபவம் வீண்போகவில்லை. பேரவை யாப்பின்படி சாதாரண உறுப்பினர் ஒருவரைப் பற்றி மேடையில் பேசும்போது உவமை மட்டுமே வழங்கலாம். அவர் தூண் போன்றவர், விளக்கு போன்றவர். செயற்குழுவுக்கு வந்துவிட்டால் 'போன்றவர்' கழன்றுவிடும். அவர் தூண், அவர் விளக்கு. தலைவருக்கு ஒரே வசனத்தில் இரண்டு உருவகம். ஒன்று இயற்கையிலிருந்து, மற்றது கட்டடத் துறையிலிருந்து.

"எவருக்கு எதை வழங்கலாம் என்பது எனக்குத் தெரியும்," என்பார் யோகராஜ். "சூரியனை எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்துவிட்டால் களஞ்சியத்தில் என்ன எஞ்சும்? சிக்கனம்தான் இலக்கியம்."

வீரத்துக்கு யானை மட்டும் கையிருப்பில் இருந்தது. சிங்கமும் புலியும் ஏன் வழங்கப்படுவதில்லை என்று அந்த மேல்மாடியில் யாரும் கேட்டதில்லை. தேர்தல் வந்தால், ஒரு கட்சியின் சின்னம் என்பதால் யானையும் நிறுத்திவைக்கப்படும். அந்த மாதங்களில் பேரவையில் வீரர்கள் இருக்கமாட்டார்கள்.

ஜீவராணி ஆறு வருடமாக நன்றியுரை சொல்லி வந்தாள். பெண்களுக்கு அங்கே வரவேற்புரை, நன்றியுரை என்று இரண்டு உரைகள் ஒதுக்கப்பட்டிருந்தன. இடையில் உள்ள உரைகளுக்குக் கனம் கூட என்பதால் ஆண்கள் தூக்கினார்கள். அவள் கடைசியாக எழும்பி, ஒலிபெருக்கிக்காரரிலிருந்து வடை கொண்டுவந்தவர் வரை பெயர் சொல்லி நன்றி சொல்லும்போது கிருபாகரன் முழுக் கூட்டத்தையும் மன்னித்துவிடுவான். அவளுடைய நன்றியுரைக்காகத்தான் அவன் உறுப்பினரானான். சேர்ந்த அன்றே, 'கண்ணாடி போன்றவர்' என்று அவனுக்கு ஒரு உவமை ஒதுக்கினார்கள்.

இந்த வருடத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை யோகராஜ் உறுப்பினர்களுக்கு அடிப்படைப் பாடம் எடுத்தார். வெள்ளைப் பலகையில் மூன்று சொற்களை எழுதினார். மதி போன்ற முகம். மதிமுகம். முகமதி.

"முதல் இரண்டும் உவமை," என்றார். "ஒன்றில் 'போன்ற' வெளியே நிற்கிறது. மற்றதில் உள்ளே மறைந்து நிற்கிறது. இரண்டிலும் மதி முன்னால், முகம் பின்னால். மூன்றாவதைப் பாருங்கள். முகம் முன்னுக்கு வந்துவிட்டது. மதி அதன் முதுகில் ஏறிவிட்டது. முகமாகிய மதி. இதுதான் உருவகம். இனி இரண்டையும் பிரிக்க முடியாது."

கடைசி வரிசையில் இருந்த கிருபாகரன் கதிரை விளிம்பில் நகர்ந்து நகர்ந்து கடைசியில் எழும்பியே விட்டான்.

"ஐயா, உவமையில பிரிக்கலாமோ?"

"உவமை என்றாலே பிரிவுதான். 'போல' என்ற சொல்லுக்குள் 'அல்ல' என்ற சொல் ஒளிந்திருக்கிறது. யானையைப் பார்த்து எவராவது யானை போல இருக்கிறது என்பாரா? யானை அல்லாததைப் பார்த்தால்தானே சொல்வார்."

"அப்ப, சும்மா ஒரு பேச்சுக்கு, ஒராளை அண்ணா மாதிரியெண்டு சொன்னால்?"

"அவர் அண்ணன் அல்ல."

"கட்டாயமா?"

"இலக்கணப்படி கட்டாயம். அண்ணனுக்கு எதற்கு மாதிரி?"

இரண்டு வரிசை முன்னால் இருந்த ஜீவராணி திரும்பிப் பார்க்கவில்லை. அவளுடைய காது மட்டும் சிவந்திருந்ததைக் கிருபாகரன் கண்டான். அல்லது கண்டதாக நினைத்தான். அன்று வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டி மட்டக்குளி வரை போய், அங்கிருந்து நடந்தே திரும்பினான். நடந்த வழியெல்லாம் ஒரே யோசனை. லிப்ற் திருத்த வருகிற றமேஷை அவள் 'றமேஷ் அண்ணா' என்பாள். வாசலுக்கு மீன் கொண்டுவருகிற ரொனியை 'ரொனி அண்ணா' என்பாள். அவர்கள் எல்லாரும் முகமதிகள். பெயர் முன்னால், அண்ணா முதுகில். அவனை மட்டும் இத்தனை வருடத்தில் ஒரு தரமாவது 'கிருபா அண்ணா' என்று கூப்பிட்டதில்லை. வெறும் கிருபா. வாலில்லாத கிருபா.

மறுநாள் கடையில் இதை மஷூரிடம் சொன்னான். மஷூர் கண்ணாடிச் சட்டமொன்றைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, அதைக் கீழே வைத்தான்.

"நாலு வருஷமா இதுக்கு எலக்கணம் பாத்துக்கிட்டா ஈக்கிறாய்?"

"விசயம் தெளிவா இருக்கோணும் தானே."

"மச்சான், இங்க பாரு. நான் ஒன்னைய மச்சான் எண்டுதான் கூப்புட்ற. எங்கட ஊட்டுக்காரி பஹ்மியா என்னைய மச்சான் எண்டு கூப்புட்ற. ஊட்டுக்காரனுக்கு அவ சொல்ற சொல்லத்தான் நான் ஒனக்குச் சொல்றேன். அப்ப நீயும் நானும் யாரு? போய்க் கேளு அந்தத் தலைவர்ட்ட."

"அது சும்மா வாய்ப்பேச்சு."

"அதத்தான் சொல்றேன். அவ சொன்னதும் வாய்ப்பேச்சு. நீ போய் வாயத் தொறந்து கேளு."

கிருபாகரன் அடுத்த ஞாயிறு கேட்கத்தான் போனான். வடையை உண்டு முடிக்கும் வரை பொறுத்தான். அவளோடு படியிறங்கும்போது யோகராஜ் இடையில் வந்து பிறந்தநாள் வாழ்த்துப்பா ஒன்றை முழுதாகச் சொல்லிக் காட்டினார். அதற்கடுத்த ஞாயிறு மழை. அதற்கடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அவன் கூட்டம் முழுவதும் வாசலைப் பார்த்தபடி, கைக்குட்டையை மடிப்பதும் விரிப்பதுமாக இருந்தான். அப்படியிருக்கும்போதுதான் பேரவை உவமை ஒழிப்பு மாதத்தைப் பிரகடனப்படுத்தியது.

"உவமை என்பது தயக்கம்," என்றார் யோகராஜ். "நமது சமூகம் ஏன் முன்னேறவில்லை? எல்லாவற்றையும் 'போல' என்று சொல்லிச் சொல்லி. வீடு போல ஒரு வீடு, தொழில் போல ஒரு தொழில், தலைவர் போல ஒரு தலைவர்."

கடைசி உதாரணத்துக்குக் கைதட்டல் வந்தது. அவர் அதைத் தன் பேச்சுத் திறனுக்கு என்று எடுத்துக்கொண்டார்.

தங்கையா என்ற செயற்குழு உறுப்பினருக்கு மேசை மணி ஒன்று கொடுக்கப்பட்டது. அவர் பரீட்சை மண்டபங்களில் மேற்பார்வை செய்து பழகியவர். யாராவது 'போல' என்றால் மணி அடிப்பார். சொன்னவர் எழுந்து நின்று வசனத்தை உருவகமாக்கிவிட்டு இருக்கவேண்டும். மின்விசிறிச் சத்தம் ஹெலிகொப்டர் மாதிரி இருக்கிறது என்று ஒரு அம்மா சொன்னார். மணி அடித்தது. அம்மா எழுந்து, "மின்விசிறி ஹெலிகொப்டர்" என்று சொல்லிவிட்டு இருந்தார். அதற்குப் பிறகு அந்த விசிறிக்குக் கீழே யாரும் இருக்கவில்லை.

வட்ஸ்அப் குழுவுக்கும் தங்கையாவே நிர்வாகி. போல, போன்ற, மாதிரி, ஒப்ப என்று எதைக் கண்டாலும் அழித்துவிட்டுத் திருத்தத்தைப் போடுவார். "நாளைக்கு மழை வரும் போல கிடக்கு" என்று ஜீவராணி எழுதியது, "நாளை மழை" என்று வந்தது. மறுநாள் எல்லோரும் குடையோடு வந்தார்கள். வெயில் கொளுத்தியது. "அம்மாவுக்குக் காய்ச்சல் மாதிரி, கூட்டத்துக்கு வரமாட்டன்" என்று ஷெல்டன் எழுதினான். "அம்மா காய்ச்சல்" என்று திருத்தம் வந்தது. குழுவில் பலர் ஆறுதல் சொன்னார்கள்.

இந்த ஷெல்டனின் மோட்டார் சைக்கிளைத்தான் அந்த மாதம் யாரோ கொண்டுபோனார்கள். பேரவைக்கு விசுவாசமான பையன். பொலிஸ் நிலையத்தில், திருடனைப் பார்த்தாயா என்று சார்ஜன்ட் சிங்களத்தில் கேட்டபோது, "ஹொரா சர்ப்பயெக்" என்றான். திருடன் ஒரு பாம்பு. சார்ஜன்ட் அமைதியான மனிதர். எவ்வளவு நீளம் என்று கேட்டார். பிறகு வனவிலங்குத் திணைக்களத்தின் தொலைபேசி இலக்கத்தை எழுதிக் கொடுத்து, மோட்டார் சைக்கிள் விசயமாக இன்னொரு நாள் வரச் சொன்னார். பேரவை அடுத்த கூட்டத்தில் ஷெல்டனைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது.

கிருபாகரனுக்கு இவையெல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தன, அடி தன்மேல் விழும்வரை.

ஒழிப்பு மாதம் முடிந்த கையோடு, ஆண்டு விழாவுக்கு ஒரு பட்டதாரி தேவைப்பட்டார். பட்டதாரி என்றால் பேரவையிடம் பட்டம் வாங்குபவர். எல்லோரும் ஏற்கனவே வாங்கியிருந்தார்கள். சிலர் இரண்டு வைத்திருந்தார்கள். போன வருடம் கனடாவுக்குப் போய்விட்ட ஒருவருக்கென எடுத்த பொன்னாடை வேறு பிரிக்காமல் கிடந்தது.

"பட்டம் இல்லாதவர் ஒருவர் நம்மிடையே நடமாடுகிறார்," என்றார் யோகராஜ். "எத்தனை நாளைக்கு இதை மறைப்பது? கண்ணாடி போன்ற கிருபாகரனுக்கு 'பார்வைத் தீபம்' என்ற பட்டம் வழங்கப்படும்."

"எனக்கு எதுக்கு ஐயா?" என்றான் கிருபாகரன்.

"உங்களுக்காக அல்ல. விழாவுக்காக."

பட்டத்தோடு ஒரு விதியும் வந்தது. தீபமாகிறவர் உவமைப் படியிலிருந்து உருவகப் படிக்கு ஏறுகிறார். அவரைப் பற்றி இதுவரை புழக்கத்தில் உள்ள உவமைகள் அனைத்தும் விழா மேடையில் உருவகமாக முறைப்படுத்தப்படவேண்டும். உபகுழு விசாரித்தது. இராமலெட்சுமி அன்ரி தானாகவே வந்து சாட்சி சொன்னார்.

"அந்தப் புள்ள என்கிட்டயே சொல்லுச்சிங்க. மார்க்கெட்டு வாசல்ல, நல்ல மழ. ஒரே கொடையில நின்னாங்க. யாரும்மா அதுன்னு கேட்டேன். அண்ணன் மாதிரின்னுச்சு. நான் மறப்பேனா?"

"அருமையான செய்தி," என்றார் யோகராஜ். "ஜீவராணிக்கு இந்த வருடம் நன்றியுரை இல்லை. வாழ்த்துரை."

பேரவையின் வரலாற்றில் ஒரு பெண்ணுக்கு நடு உரை கிடைத்தது அதுவே முதல் தடவை. உரையை உபகுழுவே எழுதிக் கொடுத்தது.

ஒத்திகைக்குக் கிருபாகரன் முன்னதாகவே போய்ப் படிக்கட்டில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். ஜீவராணி வந்து, தாளை வாங்கி, மனதுக்குள் வாசித்தாள். கடைசி வசனத்தில் நின்றாள்.

"ஐயா, இது என்ன? 'கிருபாகரன் என் அண்ணன். இன்று முதல் அவர் கிருபா அண்ணா.'"

"உங்கள் வாக்குத்தான், அம்மா."

"நான் மாதிரியெண்டுதானே சொன்னனான்."

தங்கையா மணி அடித்தார். பழக்க தோஷம்.

"அதைத்தான் பேரவை திருத்தித் தருகிறது," என்றார் யோகராஜ். "நீங்கள் தயங்கியதை நாங்கள் துணிந்தோம்."

"அது ரோட்டில, மழைக்குள்ள, அன்ரிக்குச் சொன்ன கதை."

"மழைக்குள் சொன்னாலும் சொல் சொல்தான். நனைந்தால் அழியாது."

"எனக்கு ஏற்கனவே ரெண்டு அண்ணாமார் இருக்கினம். ஒராள் லண்டன், ஒராள் கல்கிசை. ரெண்டு பேருமே போதும்."

"மூன்றாமவர் பேரவையின் அன்பளிப்பு."

"இது உண்மை இல்லையே, ஐயா."

யோகராஜ் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "அம்மா, நான் நாற்பது வருடமாக மேடையில் இருக்கிறேன். என்னை இமயம் என்கிறார்கள். நான் ஒருநாள் இந்த மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறேன். எவராவது எழும்பி, நீங்கள் இமயம் இல்லையே என்றாரா? உண்மையை உள்ளே விட்டால் விழாவை எப்படி நடத்துவது?"

ஜீவராணி தாளை மடித்தாள். பிறகு நேராகக் கிருபாகரனிடம் திரும்பினாள்.

"உங்களுக்கு என்ன விருப்பம், கிருபா?"

மேல்மாடி முழுவதும் அவனைப் பார்த்தது. இராமலெட்சுமி அன்ரி பார்த்தார். தங்கையாவின் விரல் மணிமேல் இருந்தது. சொல்லவேண்டியதெல்லாம் கிருபாகரனின் நெஞ்சில் இருந்தது. வாய்க்கு வந்தது வேறு.

"பேரவை எப்பிடிச் சொல்லுதோ, அப்பிடியே."

"சரி," என்றாள் ஜீவராணி. கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். அவன் பின்னால் ஓடிப் போவதற்குள் ஒரு ஓட்டோவை மறித்து ஏறிவிட்டாள். கையைக் காட்டினான். அவள் பார்க்கவில்லை. ஓட்டோக்காரன் மட்டும் பார்த்துவிட்டு, வேறு சவாரி என்று நினைத்து, முடியாது என்று தலையாட்டிவிட்டுப் போனான்.

விழாவுக்கு இடையில் ஏழு நாள், ஒரு முழுக் கிழமை இருந்தது. கிருபாகரனுக்கு அது இருப்புக் கொள்ளாத கிழமை. அழைப்பெடுத்தான், அவள் எடுக்கவில்லை. கடைக்கு வந்த ஒருவருக்கு வலக் கண் அளவை இடக் கண்ணுக்கு எழுதிக் கொடுத்தான். அவர் தெருவில் இறங்கி, இல்லாத படியொன்றைத் தாண்டிப் போனார். மஷூர் கதவைச் சாத்தி வைத்துவிட்டுக் கேட்டான்.

"ஒனக்கு வெளங்குதா, மச்சான்? இதுவரைக்கும் மாதிரி. மைக்ல சொல்லி முடிஞ்சா, நீ அண்ணன். வெள்ளவத்தையில ஒரு மனுசன் பொறகு இந்தக் கலியாணத்த ஏத்துக்குமா? அண்ணனும் தங்கச்சியும் எண்டு சொல்லும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டு ஏன் அன்னைக்கி அப்படிச் சொன்ன?"

"அவ மாட்டன் எண்டால்? இப்ப ஞாயிற்றுக்கிழமையாவது காணுறன். கேட்டால் அதுவும் போயிடும்."

மஷூர் தன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழம மட்டும் ஒனக்குப் போதுமா?"

 கிருபாகரன் எழும்பிப் போய், கழுவியிருந்த தேநீர்க் கோப்பையை இன்னொரு தரம் கழுவினான்.

விழா மாலை நான்கு மணிக்கென்று அழைப்பிதழில் இருந்தபடியால் ஐந்தரைக்குத் தொடங்கியது. மங்கல விளக்கு ஏற்றப்பட்டது. திரி பதினொரு பேருடைய கைக்கும் போய்வர வேண்டியிருந்ததால், கடைசி ஆள் ஏற்றும்போது முதல் திரி அணைந்து, மீண்டும் தொடங்கினார்கள். மௌன அஞ்சலி செலுத்தப்பட்டது. யாருக்கென்று சொல்ல மறந்துவிட்டார்கள். தலைமையுரை, ஆசியுரை, தொடக்கவுரை, நோக்கவுரை என்று போய், கிருபாகரனுக்குப் பொன்னாடை போர்த்தப்பட்டது. அது இன்னொருவருக்கு அளவாக எடுத்ததால் தோளில் நிற்காமல் வழுகி வழுகி விழுந்தது. ஒவ்வொரு தரமும் யோகராஜ் எடுத்துப் போர்த்தினார். ஒவ்வொரு தரமும் படம் எடுத்தார்கள்.

"இவர் தீபம்," என்றார் யோகராஜ். "தீபத்துக்கு வாய் இல்லை. தீபம் கேட்பதில்லை. தீபம் கொடுத்த இடத்தில் எரிகிறது. இத்தகைய உறுப்பினர்களே பேரவைக்குத் தேவை."

கிருபாகரன் மேடையில் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான். கால் தன்பாட்டில் ஆடியது. மேடைப் பலகையும் ஆடியது. பக்கத்திலிருந்த தங்கையா, "ஆடாதீங்கோ, மணி விழும்," என்றார்.

ஜீவராணியின் பெயர் அழைக்கப்பட்டது. பச்சைச் சேலை கட்டியிருந்தாள். அவனைப் பார்க்காமல் மேடையேறி, ஒலிவாங்கியைத் தன் உயரத்துக்கு இறக்கினாள். தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினாள். குரல் தெளிவாக, ஒன்றும் நடக்காதது போலத்தான் இருந்தது. கிருபாகரன் ஒரு தீபம். கிருபாகரன் ஒரு சாளரம். கிருபாகரன் கொட்டாஞ்சேனையின் கண். ஒவ்வொன்றுக்கும் தங்கையா மகிழ்ச்சியோடு தலையாட்டினார். முன்வரிசையில் இராமலெட்சுமி அன்ரி கைப்பையைத் திறந்து கைக்குட்டையைத் தயாராக வைத்தார்.

"கிருபாகரன் என்," என்று வாசித்துவிட்டு ஜீவராணி நின்றாள்.

கண்ணாடியைக் கழற்றினாள். சேலைத் தலைப்பால் துடைத்தாள். அவன் அளந்து கொடுத்த கண்ணாடி. அதில் தூசி இருக்கவில்லை. மேடையிலிருந்து அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஒரு பக்கம் துடைத்து, மற்றப் பக்கம் துடைத்து, திரும்பவும் முதல் பக்கத்துக்கு வந்தாள். 

"தொடருங்கள், அம்மா," என்றார் யோகராஜ்.

அவள் கண்ணாடியைப் போட்டாள். தாளைத் தூக்கினாள். மூச்செடுத்தாள்.

கிருபாகரன் எழும்பினான். பொன்னாடை விழுந்தது. யோகராஜ் அதை எடுக்கக் குனிந்தார். அவர் நிமிர்வதற்குள் அவன் மேடையின் மறு முனைக்குப் போய்விட்டான்.

"தீபம் இருக்கவேண்டும்," என்றார் யோகராஜ். "ஏற்புரைக்கு இன்னும் நான்கு உரைகள் கிடக்கின்றன."

"இது ஏற்புரை இல்லை, ஐயா."

"வேறு என்ன உரை?"

அதற்குப் பேரவையிடம் பெயர் இல்லை. கிருபாகரனிடமும் இல்லை. ஒலிவாங்கி அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. அவன் அதைத் தள்ளிவைக்க நினைத்தான். எங்கே பிடித்துத் தள்ளுவதென்று தெரியாமல் விட்டுவிட்டான். ஜீவராணி தாளைத் தாழ்த்தி, முதல் தடவையாக அந்தக் கிழமையில், அவன் முகத்தைப் பார்த்தாள். தங்கையா மணியைக் கையில் எடுத்து, வரப்போகிற வசனத்தில் எந்த இடத்தில் அடிப்பதென்று கவனமாகக் காத்திருந்தார்.

"ஜீவராணி," என்றான் கிருபாகரன். மண்டபத்தின் நான்கு மூலையிலிருந்தும் அந்தப் பெயர் திரும்பி வந்தது. "எனக்கு உங்களைக் கலியாணம் கட்ட விருப்பம். நீங்கள் என்னைக் கட்டுவீங்களோ?"